நயினார்'ஸ் லாட்ஜும் ஒரு காலியிடமும்

எதை எழுதினாலும் பெயரும் தேதியும் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, மற்றதையெல்லாம் முதலில் முடிப்பது உமாராணியின் வழக்கம். ஆறாம் வகுப்பு விடுப்புக் கடிதத்திலிருந்தே அப்படித்தான். இலஞ்சியில் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவள்; வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்திலும் பெயரில்லை. யாரம்மா நீ என்று கேட்டுத்தான் பதிலே வந்தது.

வேலை கிடைத்தது. குற்றாலத்து லாட்ஜுகளுக்கு இணையத்தில் விளம்பரம் போடும் தென்காசி அலுவலகம். சோதனைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கையில் வெள்ளம் வந்து, எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை. விளம்பரத்தை நம்பி வந்தவர்கள் லாட்ஜ் முதலாளி நயினார் அண்ணாச்சியைப் பிடித்து உலுக்கினார்கள். மதியத்துக்குள் விளம்பரங்களை நிறுத்தாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக அவர் போனில் சொல்லிவிட்டார். அவர் போனால் அவள் வேலையும் போகும்.

லாட்ஜ் பெயரைக் கொடுத்தால், ஓடும் விளம்பரங்களில் அதனுடையதை மட்டும் வடிகட்டி நிறுத்தும் நிரலை உமாராணி எழுதியிருந்தாள். மற்ற எல்லா லாட்ஜுக்கும் ஓடியது. அண்ணாச்சிக்கு மட்டும் பிழை. விளம்பரக் கம்பெனியின் கோளாறு என்று சாதித்தாள். கூடப் படித்துக் கூடவே வேலைக்கு வந்த பாண்டி சிரித்தான்.

"உன் தப்புதான் ஏட்டி. என்ன பந்தயம்?"

"என் தப்புன்னா ஐந்தருவில போய் நிக்கேன் லே."

அருவிப் பக்கத்திலேயே வளர்ந்தும் ஒருநாள்கூட அதற்கடியில் தலையைக் கொடுக்காதவள். அவ்வளவு பயம்.

பிறகுதான் பிழைச்செய்தியை நிதானமாகப் படித்தாள். நயினார்'ஸ் லாட்ஜ். விளம்பரக் கம்பெனியின் இயந்திரத்திடம் நிரல் கேட்கும் கேள்விக்குள் பெயரை ஒற்றை மேற்கோள்களுக்கு நடுவே வைத்திருந்தாள். அண்ணாச்சி ஸ்டைலுக்குப் போட்ட அதே ஒற்றைக் குறியோடு பெயர் முடிந்ததென்று இயந்திரம் நினைத்துவிட்டது. 'ஸ் லாட்ஜ்' நடுத்தெருவில் நின்றது.

கையேட்டைப் புரட்டினாள். பெயர் வரும் இடத்தில் ஓர் அடையாளம் மட்டும் வை, பெயரைத் தனியாக அனுப்பு. அதற்குப் பெயர் பைண்ட் வேரியபிள். உமாராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலியிடம்! படித்தவர்கள் இப்படி எழுதமாட்டார்கள் என்று நினைத்து, ஆயுசு முழுக்கச் செய்ததை நிரலில் மட்டும் ஏன் கைவிட்டேன்?

மாற்றி ஓட்டினாள். பதினொரு விளம்பரங்களும் நின்றன. சக்கர நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றியதில் பாண்டியின் டீ கவிழ்ந்தது. காரணத்தைக் கேட்டதும், போர்டில் அந்தக் குறியை அழிக்கணுமா என்று அண்ணாச்சி போனில் கவலைப்பட்டார்.

"எத்தன வேணும்னாலும் வைங்க அண்ணாச்சி."

வேலை நிரந்தரமானது. பந்தயத்தை அவளே எழுதிக் கொடுத்தாள்: உமாராணி ஆகிய நான் ______ அன்று ஐந்தருவியில் நிற்பேன்.

இரண்டு சீசன் போய்விட்டது. சீட்டு பாண்டியின் திரையோரம் ஒட்டியபடியே இருக்கிறது. அவன் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"எழுதுனது சரியாத்தான லே இருக்கு. தேதி தனியா வரும்."