வள்ளியம்மாள் வைத்த சூடு

வடலூர் போகும் சாலையில், நெய்வேலி டவுன்ஷிப் எல்லையைத் தாண்டியதும் ஒரு அநாதை இல்லம் இருந்தது. பெயர் எதற்கு? அதை மூடியாகிவிட்டது. அங்கே பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவள் வள்ளியம்மாள். விடிந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்துவிட்டு எட்டு மணிக்கு இல்லத்துக்குப் போவாள். நான் அப்போது ஆபீசில் ஸ்டெனோ. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமாக நெய்வேலியில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கதையை என் மனைவி பார்வதிதான் எனக்குச் சொன்னாள். வள்ளியம்மாளுக்குச் சொந்த நிலம் கிடையாது. கூலிக்கு நாற்று நட்டவள், அப்புறம் காண்ட்ராக்டில் மண் சுமந்தாள். புருஷன் கண்ணையன் பாம்பு கடித்துச் செத்தபோது கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். குழந்தையின் பெயர் தனம். தனத்துக்கு ஒன்றரை வயதானபோது வள்ளியம்மாளுக்குக் காசநோய் கண்டது. ஆறேழு மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், குழந்தையைப் பக்கத்தில் விடக்கூடாது என்றார்கள். யாரோ இல்லத்துக்கு வழி காட்டினார்கள். மேனேஜர் கருணாகரன் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தாள். ஹாஸ்டலில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் இப்படிக் கைநாட்டு வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். லீவு வந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். இதுவும் அப்படித்தான் என்று நம்பிவிட்டாள். தாளில் இருந்ததோ இங்கிலீஷ்.

ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் பிள்ளை இல்லை. சுவீடனுக்குத் தத்துப் போய்விட்டது. "ராணி மாதிரி இருக்கா. உங்கிட்ட இருந்தா மண்ணுதான் சுமந்திருப்பா" என்றாராம் கருணாகரன். அவள் வாசலில் விழுந்து புரண்டு கத்தியிருக்கிறாள். வாயை அடைக்க அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார். "அந்த மனுஷன் மூஞ்சியில எப்படி முழிக்கிற?" என்று பார்வதி கேட்டாள்.

"எம்புள்ள என்னிக்காவது தேடிக்கினு வந்தா இங்கதானம்மா வரும். என் வூடு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

1986 ஜனவரியில் அந்தப் பிள்ளை வந்தது. ஒன்பது வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சுவீடன் தம்பதி இல்லத்தைப் பார்க்க வருகிறார்கள், பேச்சை மொழிபெயர்க்க வேண்டும் என்று கருணாகரன் என் வீடு தேடி வந்தார். வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷ் பேசிக் காட்டலாம் என்ற அற்ப ஆசையில் நானும் பல்லை இளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

வரப்போவது தனம்தான் என்று இல்லத்துப் பேச்சிலிருந்து வள்ளியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் வரும் அன்று காலை அவள் பாத்திரத்தைத் தொடவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"சார், நீங்கதான பேசப் போறீங்க. நான்தான் அதோட அம்மான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நா கூட்டிக்கினு போவ மாட்டேன். இங்க வெச்சிக்கவும் மாட்டேன். அதுக்குத் தெரிஞ்சா போதும்."

"பார்க்கலாம் வள்ளியம்மா" என்றேன். முடியாது என்று சொல்லத் துணிவில்லாதவன் வாயில் வரும் சொல் அதுதான்.

இல்லத்தில் பினாயில் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. குழந்தைகளுக்குப் புது கவுன் மாட்டி, அழுக்காக்கினால் தோலை உரித்துவிடுவேன் என்று ஆயா மாரியம்மாள் மிரட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கழற்றிக் கடைக்கே திருப்ப வேண்டிய துணி. கண்ணாடி அலமாரியிலிருந்து பொம்மைகளை இறக்கி ஆளுக்கொன்று கையில் திணித்திருந்தார்கள். எப்படி விளையாடுவது என்று தெரியாமல் பிள்ளைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. சொறி பிடித்த நாலு குழந்தைகளைப் பின்னால் ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. போட்டோவுக்காகக் கருணாகரன் ஒரு குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். இறக்கிவிட்ட கையோடு கர்ச்சீப்பை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

கார் வருமுன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அந்தப் பொம்பள ஏதாவது உளறும். காதுல போட்டுக்காதீங்க சார். உங்க பொண்ணு சந்திரகலாவுக்கு நர்சிங் சீட் விஷயமா காலேஜ் நடத்துற ஃபாதர்கிட்ட சொல்லியிருக்கேன். முடிஞ்ச மாதிரிதான்."

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை எழுதும்போதே என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள், பொய் சொல்லக்கூடாது. அந்த அம்மா தொட்டிலைப் பார்த்ததும் கண் கலங்கினாள். பெண்ணுக்கு இப்போது பெயர் லேனா. முழங்கால் வரை சாக்ஸ், கத்தரித்த முடி, ஆனால் முகம் அப்படியே வள்ளியம்மாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வள்ளியம்மாள் விளக்குமாறோடு தூணோரம் நின்றாள். அவள் பார்வை பெண்ணைவிட்டு அசையவில்லை.

டீ குடித்து முடித்ததும் அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். பெண்ணின் சட்டையை லேசாக உயர்த்தினாள். தொப்புளுக்கு மேலே வட்டமாக மூன்று தழும்புகள். இத்தனை வருஷமாக இதுதான் தங்களுக்குத் தூக்கத்தைக் கெடுப்பதாகச் சொன்னாள். யார் இந்தக் குழந்தையைச் சுட்டது?

நான் தமிழில் சொல்லக்கூட கருணாகரன் காத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷிலேயே அளந்தார். பெற்றவர்கள் சுட்டுக் கொடுமைப்படுத்தி முந்திரிக்காட்டில் எறிந்துவிட்டார்களாம், இவர்தான் எடுத்துக் காப்பாற்றினாராம். தொண்டை வேறு தழுதழுத்தது. அந்த அம்மா பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெண் தன் சட்டையைக் கீழே இழுத்து மூடிக்கொண்டது.

"என்னா சார் சொல்றாரு? வயித்தக் காட்டி என்னா சொல்றாரு?" வள்ளியம்மாள் கிட்டே வந்துவிட்டாள்.

சொன்னேன். அதையாவது மறைக்காமல் சொன்னேன்.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "எறிஞ்சிட்டேன்னு சொல்லட்டும், பொறுத்துக்கறேன். கொடும பண்ணேன்னு சொல்ல வாணாம் சார். மாந்தம் வந்து புள்ள கண்ணு சொருவிக்கினு கெடந்துச்சி. கையி காலு வெட்டி வெட்டி இழுத்துச்சி. மஞ்சளச் சுட்டு மூணு எடத்துல வெச்சேன். அப்பறந்தான் புள்ள அழுதுச்சி. அது அழுத பெறவுதான் எனக்கு உசுரு வந்துச்சி. சொல்லுங்க சார், சொல்லுங்க."

கருணாகரன் என்னை முறைத்தார். நான் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வலிப்பு வந்த குழந்தைக்குச் சுட்ட மஞ்சளால் சூடு வைப்பது வழக்கம், அது வைத்தியம், கொடுமை இல்லை என்று ஏதோ பொது அறிவுப் பாடம் நடத்துவதைப் போலச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. பெண் வள்ளியம்மாளை உற்றுப் பார்த்தது. பிறகு அப்பாவின் காதில் ஏதோ கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் என்னிடம் கேட்டார்: "தனக்கும் அப்படித்தான் நடந்ததென்று பெருக்குகிற இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்கிறாள்."

குழந்தையே கதவைத் திறந்துவிட்டது. நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். கருணாகரன் இருமினார்.

"ரொம்ப நாளாக இங்கே வேலை செய்கிறவர்" என்றேன்.

பெண் தலையசைத்தது. பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து வள்ளியம்மாள் கையில் வைத்தது. வள்ளியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கருணாகரன்தான் வந்து, "போதும், போதும், விடும்மா" என்று விரல் விரலாகப் பிரித்துவிட்டார். அரை மணியில் கார் போய்விட்டது. கேட்டை மூடுவதற்குள் குழந்தைகளின் கவுன்களைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

வள்ளியம்மாள் என்னிடம் வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். "தெரிஞ்சிக்கிச்சா சார்? அதான் மிட்டாய் குடுத்துச்சா? அப்பாருகிட்ட என்னா கேட்டுது?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டது."

"நீங்க என்னா சொன்னீங்க?"

சொன்னேன். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் என் கண்ணெதிரே அணைந்தது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தாளு புள்ளய வித்துப் பொழைக்கிறவரு, பொய் சொன்னாரு" என்றாள் மெல்ல. "ஒங்க வூட்லயும் ஒரு பொண்ணு இருக்குதே சார்."