‘ஓம்’ என்று சொன்ன பிறகு

மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடிய என் டர்போ காரின் வேகத்தைக் கூட்டுவதற்காக, அதன் எஞ்சின் கணினியில் புது மென்பொருள் ஏற்றச் சுன்னாகத்துக் கராஜுக்குப் போனேன்.

“பழைய எஞ்சின், தம்பி. தாங்குமோ தெரியாது. ஏத்தட்டோ?” என்றார் மெக்கானிக் அண்ணை.

நண்பர்கள் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். “ஓம்” என்றேன்.

அண்ணை மடிக்கணினியைக் கேபிளால் காரில் கொழுவி ஏற்றத் தொடங்க, நான் சாரதி இருக்கையில் இருந்தேன். பற்றரி இறங்கக்கூடாது என்று ஏசி போடவில்லை, கண்ணாடியையும் இறக்கவில்லை. உள்ளே வியர்த்துக் கொட்டியது. பாதி ஏறியபோதுதான், ஒருநாளும் என்னை நடுவழியில் விடாத கார் இது என்று உறைத்தது.

“அண்ணை, இப்ப நிப்பாட்டேலாதோ?”

“இப்ப கேபிளைக் கழட்டினால் கார் பிறகு ஸ்ராட்டே வராது. பேசாமல் இருங்கோ.”

ஏறி முடிந்தது. எஞ்சின் உறுமியது. நண்பர்கள் கைதட்ட, நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைத்தான் எல்லோரும் வீடியோவில் பார்க்கிறார்கள். நானோ இன்றும் மானிப்பாய் வீதியில் சைக்கிள்களுக்குப் பின்னால், எஞ்சின் எப்போது நின்றுவிடுமோ என்று அதன் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி ஊர்ந்துகொண்டிருக்கிறேன்.