‘கவனம்’ என்று எழுதிய பெட்டி: யாழ்ப்பாணத்திலிருந்து தொண்டைமானாற்றுக்கு முப்பத்தாறு முட்டைகளோடு

சித்திரை வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தாறு முட்டைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் தொண்டைமானாற்றுக்குப் போனேன். அங்கே கோயில் கொண்டிருக்கும் சந்நிதி முருகனிடம் போகவில்லை, அவர் கோபிக்கக்கூடாது. என் சேவலின் மானத்தைக் காப்பாற்றப் போனேன். நான் சிரித்துக்கொண்டு எழுதுவதுபோல உங்களுக்குத் தோன்றலாம். இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மீசாலையில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கறிமுட்டை விற்பதில்லை. குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டைதான் என் வியாபாரம். தொண்டைமானாற்றில் செல்வமலர் என்றொரு பிள்ளை, குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். புருஷன் கடலுக்குப் போகிறவன், இரண்டு சின்னப் பிள்ளைகள். முட்டையை உமி போட்ட பெட்டியில் அடுக்கி, யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் கொண்டக்டரின் கையில் கொடுத்துவிடுவேன். அவள் பாலத்தடியில் நின்று வாங்கிக்கொள்வாள். நம் பக்கத்தில் பாதிச் சாமான் இப்படித்தானே ஊர் சுற்றுகிறது.

இரண்டு தடவை அனுப்பினேன். ஒரு முட்டைகூட உடையவில்லை. முதல் தடவை முப்பதில் இரண்டு பொரித்தது. இரண்டாம் தடவையும் முப்பது, ஒன்றுமே இல்லை. இருபத்தோராம் நாள் இரவு போன் வந்தது.

“அக்கா, கேக்கிறனெண்டு கோவிக்காதேங்கோ. உங்கடை சேவலுக்கு வயசு போட்டுதோ?”

“உன்ரை மனிசனுக்கு வயசு போனாலும் என்ரை சேவலுக்குப் போகாதடி” என்றேன்.

வழக்கமாக இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. “இன்னும் ஒருக்கால் பாக்கிறன் அக்கா. அதுவும் பிழைச்சால் மெஷினை வித்துப்போட்டுக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போறன். ஏஜென்சிக்காரன் ஆனி முடியிறதுக்குள்ளை பதில் சொல்லச் சொல்லிப்போட்டான்” என்றாள். அவளுடைய கடைக்குட்டிக்கு நாலு வயது.

அதே சேவலின் முட்டை என் வீட்டு அடைக்கோழியின் கீழே பன்னிரண்டுக்குப் பதினொன்று பொரிக்கிறது. அப்படியென்றால் பிழை சேவலிலும் இல்லை, மெஷினிலும் இல்லை. அவளுடைய ஊர் முட்டை அதே மெஷினில் நன்றாகத்தான் பொரிக்கிறது. பிழை வழியில்தான். வழியில் யாரோ என் முட்டையைக் கொல்கிறார்கள். கொன்றது யார் என்று கண்டுபிடித்து அவருடைய காதைத் திருகவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த டொக்டர் பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும்.

“கோவத்திலை இன்னும் அறுபது முட்டையை அனுப்பாதேங்கோ அன்ரி. முதல்லை சின்னதா ஒரு வெள்ளோட்டம் பாருங்கோ” என்றது பிள்ளை.

“வெள்ளோட்டம் தேருக்கல்லோ விடுறது?”

“முட்டைக்கும் விடலாம். ஒரே நாள் முட்டை, ஒரே பஸ், ஒரே மெஷின். வைக்கிற இடத்தை மட்டும் மாத்துங்கோ. பெட்டிக்குள்ளை என்ன நடக்குதெண்டு சொல்லுறதுக்கும் ஏதாவது வையுங்கோ.”

நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் இது எனக்கு நன்றாகவே விளங்கியது. மூன்று பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு முட்டை. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று சாட்சி வைத்தேன். பொரிக்காத அப்பளம் ஒன்று, குலுக்கலைச் சொல்ல. கட்டை மெழுகுதிரி ஒன்று, வெக்கையைச் சொல்ல. மூன்றாவது, காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாய். அதற்குள் இருக்கும் பாதரசம் ஏறினால் உதறும்வரை இறங்காது, என் கோபம் மாதிரி. இப்போது எல்லா மருந்துக் கடையிலும் பொத்தான் அமுக்குகிற சாமான்தான் இருக்கிறது. மூன்று கடை ஏறி இறங்கி, ஒன்று 400 ரூபாய்ப்படி மூன்று வாங்கினேன். உடைந்தால் பாதரசம் ஆபத்து என்று கடைக்காரப் பெடியன் சொன்னதால் துணியில் சுற்றி, முட்டையில் படாத மூலையில் வைத்தேன். இன்னொரு பன்னிரண்டு முட்டை வீட்டில் அடைக்கோழியின் கீழ். அது சேவலின் தரப்புச் சாட்சி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 8.10க்கு மீசாலையில் பஸ் ஏறினேன். யாழ்ப்பாணம் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், எனக்கு 90 ரூபாய் எடுத்தார்கள். மூன்று பெட்டியும் என் மடியிலும் காலடியிலும் இருந்தன. 9.05க்கு இறங்கித் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, 9.40க்கு அச்சுவேலி வழியாகப் பருத்தித்துறை போகும் பஸ்ஸுக்குப் போனேன். கொண்டக்டர் ரஞ்சன், முப்பது வயதுப் பெடியன். இரண்டு தடவையும் என் பெட்டியைக் கொண்டுபோனவர் இவர்தான்.

முதல் பெட்டியில் வழக்கம்போல ‘கவனம், முட்டை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். இரண்டாவதில் ஒன்றும் எழுதவில்லை. “இது பழைய சாமான் தம்பி, எங்கையாவது போடும்” என்று கொடுத்தேன். மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் இருந்தேன். பெட்டிக்கு 100 ரூபாய், எனக்கு 120.

ரஞ்சன் இரண்டாம் பெட்டியைக் கடைசி சீற்றின் கீழே போட்டுக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். முதல் பெட்டிக்கோ ராஜ மரியாதை. டிரைவருக்குப் பக்கத்தில், முருகன் படத்துக்கு நேர் கீழே இருந்த தன் சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிவிட்டு, சாக்கை நாலாக மடித்து, அதன்மேல் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல வைத்தார். பக்கத்தில் ‘மருந்து, கவனம்’ என்று எழுதிய சின்னப் பொதி ஒன்றும் இருந்தது. பாவம், இந்தப் பெடியனையா சந்தேகப்பட்டேன் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டாம் பெட்டிதான் செத்துப்போகும், அப்படியானால் குலுக்கல்தான் குற்றவாளி என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

பஸ் வெளிக்கிட்டது 10.05க்கு. அதுவரை இருபத்தைந்து நிமிடம் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. கோப்பாய் தாண்டி, நீர்வேலி வாழைத்தோட்டங்கள் தாண்டி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து என் பெட்டி டொங்கென்று சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் டிரைவரை மனதுக்குள் ஒரு சொல் சொன்னேன். அந்தச் சொற்களை இங்கே எழுதினால் சேவலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அச்சுவேலியில் ஒரு மாடு குறுக்கே வர, பிறேக் போட்ட போடில் என் மடிப்பெட்டி வயிற்றில் இடித்தது. பாலத்தடியில் இறங்கியபோது 11.15. ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி பத்து நிமிடம்.

செல்வமலர் வீட்டு மேசையில் மூன்று பெட்டியையும் திறந்தோம். மடிப்பெட்டியில் அப்பளம் இரண்டாகியிருந்தது. மாட்டுக்கும் என் வயிற்றுக்கும் நன்றி. காய்ச்சல் தொண்ணூற்றைந்து. கடைசி சீற்றுப் பெட்டியில் அப்பளம் பதினொரு துண்டு, ஒரு முட்டையில் மயிரிழை வெடிப்பு, மெழுகுதிரி நேராக நின்றது, காய்ச்சல் தொண்ணூற்றாறு.

பிறகு ராஜ மரியாதைப் பெட்டி. அப்பளம் முழுநிலவு மாதிரி முழுசாக இருந்தது. மெழுகுதிரியோ நாய்வால்போல வளைந்து அட்டையில் ஒட்டிக் கிடந்தது. கண்ணாடிக் குழாயில் பாதரசம் நூற்றெட்டைத் தொட்டு, அதற்குமேல் ஏற இடமில்லாமல் நின்றது. செல்வமலர் ஒரு முட்டையைக் கையில் எடுத்தாள்.

“அக்கா, இது அடைமுட்டையோ, அவிச்ச முட்டையோ?”

முருகன் படத்துக்குக் கீழே சாக்கு விரித்த இடம் எது? எஞ்சின் மூடி! அறுபது முட்டையையும் அடுப்பில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அதற்குச் சிவப்பு மையில் ‘கவனம்’ என்று எழுதிக் கொடுத்தவளும் நான்தான். கொண்டக்டருக்குத் தேத்தண்ணீர்க் காசு வேறு கொடுத்திருக்கிறேன், நல்லாய் வையும் தம்பி என்று.

மூன்று பெட்டி முட்டையையும் மெஷினில் அடுக்கினோம். அவிந்ததையும் சேர்த்துத்தான் அடுக்கினோம், கணக்கு முழுசாக இருக்கவேண்டும் என்று டொக்டர் பிள்ளை சொல்லியிருந்தது. பிரயாணம் செய்த முட்டைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்துப் பிறகுதான் மெஷினைப் போடவேண்டும் என்றும் சொன்னது. 1.50க்கு அதே பஸ் திரும்பி வந்தது. வளைந்த மெழுகுதிரியைப் பிடித்தபடி ஏறினேன்.

“தம்பி, இது என்ன?”

“மெழுகுதிரி. ஏனக்கா, கோயிலுக்கோ?” என்றார் ரஞ்சன்.

“உம்மடை எஞ்சின் மூடியிலை குந்தியிருந்து வந்த மெழுகுதிரி. என்ரை முட்டைக்கு நூற்றெட்டுக் காய்ச்சல்.”

“அக்கா, எப்பவாவது ஒரு முட்டை உடைஞ்சதோ, சொல்லுங்கோ பாப்பம். அந்த இடம் நான் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. உங்களுக்காக என்ரை சாப்பாட்டுப் பாசலையே எடுத்துப்போட்டெல்லோ வைச்சனான்!”

“சாப்பாட்டை ஏன் அதிலை வைக்கிறனீர்?”

“பின்னை, மத்தியானம் சூடா இருக்கவேணுமெல்லோ...”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது. டிரைவர் திரும்பாமலே, “ரஞ்சன், ரிக்கற்றைக் குடுத்திட்டு விலகு. அவா உன்னை அவிச்சுப்போடப் போறா” என்றார். பஸ்ஸே சிரித்தது. ரஞ்சன் மட்டும் சிரிக்கவில்லை. ரிக்கற்றை என் கையில் தந்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, மருந்துப் பாசலும் உதிலைதான் வைக்கிறனான்.”

காதைத் திருகப் போனவள் நான். யாருடைய காதைத் திருகுவது? தூக்கி எறிகிறவனைத் திட்டலாம். தன் சோற்றை எடுத்துவிட்டு இடம் தந்தவனை என்ன சொல்லித் திட்டுவது? கோபத்துக்கும் இருக்க ஓர் இடம் வேண்டும். என் கோபம் யாழ்ப்பாணம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தது.

மெஷின் போட்டு இருபத்தொரு நாள் கழித்துக் கணக்கு வந்தது. மடிப்பெட்டி பத்து. கடைசி சீற்று, உதைபட்ட பெட்டி, ஒன்பது. எஞ்சின் மூடி பூச்சியம். என் வீட்டு அடைக்கோழி பதினொன்று. சேவல் குற்றவாளி அல்ல என்று செல்வமலர் போனில் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் குவைத்துப் பேச்சை விடவில்லை.

“மடியிலை வைச்சால் பொரிக்கும் அக்கா, சரி. ஒவ்வொருமுறையும் நீங்கள் மடியிலை வைச்சுக்கொண்டு வருவீங்களோ? ஆளில்லாமல் ஒருக்கால் வரட்டும், பாப்பம்.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இதற்கிடையில் ரஞ்சனை வேறு வழிப் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். புதிய கொண்டக்டரிடம் போய், “எஞ்சின் மூடியிலை வைக்காதையும் தம்பி, சூடு” என்றேன். “நீங்கள் பயப்பிடாதேங்கோ அம்மா, சாக்குப் போட்டுத்தான் வைக்கிறனாங்கள்” என்று என்னையே ஆறுதல்படுத்தினார். பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு முட்டையோ, நாற்றோ, மருந்தோ பஸ்ஸில் அனுப்ப நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் உங்கள் பெட்டியோடு ஒரு தடவை நீங்களும் போங்கள். எனக்கு எல்லாமாகச் செலவு இரண்டாயிரம் ரூபாயும் ஒரு பகலும். ஒரே நாளை நம்பாதீர்கள். மழைநாளில் ஒரு தடவை, விடிகாலைப் பஸ்ஸில் ஒரு தடவை நான் இனித்தான் பார்க்கவேண்டும். கடைசி சீற்றுக் கண்ணாடிக் குழாய் குலுக்கலில் கொஞ்சம் இறங்கியும் இருக்கலாம், அதனால் மெழுகுதிரியை மறவாமல் வையுங்கள். உமியை இறுக்கி அடையுங்கள். மருந்து என்றால் விளையாட்டு வேண்டாம், நீங்களே போய் வாங்கிக் கையோடு கொண்டு வாருங்கள். உடையாமல் வந்த பெட்டி நல்லபடி வந்த பெட்டி என்று நினைக்காதீர்கள். எனக்கு ஐம்பத்தெட்டு உயிர் அப்படித்தான் போனது.

இனி நான் என்ன செய்தேன் என்று கேட்டால், வெட்கத்தோடும் எரிச்சலோடும் சொல்கிறேன். அடுத்த தடவை நாற்பது முட்டையை அடுக்கி, சிவப்பு மையில் பெரிதாக ‘பழைய செருப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் புதிய கொண்டக்டர் எழுத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், கடைசி சீற்றின் கீழே எறிந்தார். ஒரு சாமான் உயிரோடு போய்ச் சேர நான் அதைச் செருப்பு என்று சொல்லவேண்டியிருக்கிறதே! பஸ் கண்ணை விட்டு மறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனி பிறந்து ஒரு கிழமையில் போன் வந்தது. பின்னால் கீச்சுக்கீச்சென்ற சத்தத்தில் செல்வமலரின் குரல் சரியாகக் கேட்கவில்லை.

“அக்கா, பழைய செருப்பு முப்பத்தொண்டு பொரிச்சிருக்கு.”

“அந்த ஏஜென்சிக்காரன்?”

“நேற்று போன் எடுத்தவன். வீட்டிலை முப்பத்திமூண்டு சின்னப்பிள்ளையள் இருக்கினம், விட்டிட்டு வர ஏலாதெண்டு சொல்லிப்போட்டன்.”