சங்கரா மீனும் ரம்ப மெஷினும்

நாங்கள் புது மெஷின் பார்க்கக் கிளம்பியது ஓரப்பட்டைக்காகத்தான். ரம்பத்தைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை.

திருவொற்றியூரில் எங்கள் ஒர்க்‌ஷாப். அலமாரி, கிச்சன் கப்போர்டு, டிவி ஸ்டாண்டு என்று வீட்டுக்காரர் கேட்கிற அளவில் செய்து கொடுப்போம். மரவேலை என் கணவருடையது, வாய் வேலை என்னுடையது. காத்திவாக்கத்தில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்தவளுக்குப் பேரம் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்தூர் பக்கம் கட்டுகிற ஒரு அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் கிச்சன் செய்யும் வேலை கிடைத்ததும், இனி இப்படியே ஓட்ட முடியாது என்று புரிந்தது.

எங்கள் தலைவலி ஓரங்கள்தான். பிளைவுட்டை வெட்டிய ஓரத்தில் பசை தடவி, பட்டையை வைத்து, துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியாலேயே அழுத்தி ஒட்டுவோம். எங்கள் ஊர் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஒரு மழைக்காலம் போனால் பட்டை வாய் பிளக்கும். வீட்டுக்காரர் போன் செய்வார். அந்தத் திட்டெல்லாம் எனக்கு. ஆகவே பட்டை ஒட்டும் மெஷின் வாங்குவது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். கிடைக்கிற கடனுக்கு ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்பதும் தெரிந்த விஷயம்.

ரம்பம்தான் ஏற்கெனவே இருக்கிறதே. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பழைய இரும்பு பொறுக்கி, பழைய மோட்டார் தேடி, என் கணவரே வெல்டிங் வைத்துச் செய்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆயுத பூஜையன்று அதற்கு அவர் வைக்கிற சந்தனமும் குங்குமமும் எனக்குக்கூட வைத்ததில்லை. பிளேடுக்கு மேலே மூடி கிடையாது. மூடி போட்டால் கோடு தெரியாது என்பார். இடம் குறுகல் என்பதால் பிளேடுக்குப் பின்னால் மேசையும் கிடையாது. வெட்டிய துண்டு தரையில் விழுந்தால் மேலே ஒட்டிய மைக்காவின் மூலை தெறித்துவிடும். அதனால் வலது கையால் பலகையைத் தள்ளிக்கொண்டே, இடது கையைப் பின்னால் நீட்டி, விழுகிற துண்டைப் பிடித்துவிடுவார். வருகிறவர்களிடம் நானே பெருமையாகச் சொல்வேன், எங்கள் வேலையில் ஒரு மூலை உடைந்திருக்காது, வேண்டுமானால் தடவிப் பாருங்கள் என்று.

அம்பத்தூரில் ஒரு ஷோரூமில் பட்டை ஒட்டும் மெஷினைப் பார்த்தோம். இந்தப் பக்கம் நுழைந்த பலகை அந்தப் பக்கம் வழவழவென்று வந்தது. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மறுநாள் வந்து முன்பணம் தருகிறோம் என்று சொல்லிக் கிளம்பும்போது, விற்பனையாளர் எங்களை ஒரு ரம்ப மெஷின் முன்னால் நிறுத்தினார். விரல் பட்டால் தானாக நின்றுவிடுமாம். ஒரு காரட்டைக் கையில் பிடித்து, ஓடுகிற பிளேடில் கொண்டுபோய் இடித்தார். டப்பென்று ஒரு சத்தம். பிளேடு மேசைக்குள் மறைந்துவிட்டது. காரட்டில் லேசாக ஒரு கீறல்.

நான் நம்பவில்லை. காரட்டுக்குத் தோலா, முள்ளா, ரத்தமா? எங்களை என்ன பச்சைக் குழந்தை என்று நினைத்தாரா? வழியெல்லாம் புலம்பினேன். வாங்கப்போகாத மெஷினுக்கு உனக்கென்ன வந்தது என்று கணவர் சிரித்தார். எனக்கு அது ஆறவில்லை. மறுநாள் காலையில் காசிமேட்டில் ஒரு சங்கரா மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் கணவரோடு அம்பத்தூருக்கு பஸ் ஏறினேன்.

மீனை எடுத்து நீட்டியதும் விற்பனையாளர் இரண்டடி பின்னால் போனார்.

"அறுத்தா கொழம்பு, அறுக்கலன்னா வறுவல். நீ ஓட்டு தம்பி" என்றேன்.

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாலைப் பிடித்து, மீனின் வயிற்றை பிளேடில் வைத்தார். டப். அவ்வளவுதான். நான் மீனை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். வயிற்றில் நகம் பட்டதுபோல் ஒரு கீறல். ரத்தம்கூட வரவில்லை. கணவரும் என் கையிலிருந்து மீனை வாங்கிப் பார்த்தார். நல்லாத்தான் கீது, நமக்கு எதுக்கு என்றார். முன்பணம் ஒரு நாள் போகட்டும் என்று அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஆட்கள் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம்ம மெஷின் என்ன செய்யும் என்று காட்டுகிறேன் பார் என்று கணவரும் கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. எனக்கும் பார்க்கவேண்டும் போலிருந்தது. அதே மீனை ஒரு பிளைவுட் துண்டில் வைத்து, சணல் கயிற்றால் கட்டி, மோட்டாரைப் போட்டு, எப்போதும் பலகையைத் தள்ளுவதுபோலத் தள்ளினார்.

மீன் அறுத்து வளர்ந்தவள் நான். தலை வேறு, முண்டம் வேறாக ஒரு நாளைக்கு எத்தனையோ கூடை பார்த்திருக்கிறேன். ஆனால் இது அறுப்பே அல்ல. மீனின் நடுப்பாகம் அங்கே இல்லாமல் போயிற்று. முள் முறிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. சுவரில், அவர் சட்டையில், என் முகத்தில் எல்லாம் செதிலும் சதையும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

என் உயிரை உலுக்கியது மீன் அல்ல. அந்த நேரத்தில் அவருடைய இடது கை, யாரும் சொல்லாமலே, பிளேடுக்குப் பின்னால் நீண்டு, விழுகிற துண்டைப் பிடித்தது. தினமும் நான் பார்க்கிற கைதான். ஊருக்கெல்லாம் நான் பெருமை பேசின கை. பிளேடுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"இன்னாமே ஆச்சு?" என்றார்.

"யோவ், உன் கை எங்க போய்ட்டு வந்துச்சுன்னு பாத்தியா?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். செதில் ஒட்டியிருந்தது. "துண்டு கீழ வுழுந்துடும்ல" என்றார், ஏதோ நான் தெரியாமல் கேட்டதுபோல.

அந்த மீனை யாரும் தொடவில்லை. மீனை வீணாக்குவது எங்கள் வீட்டில் பாவம். ஆனாலும் பூனைக்குப் போட்டேன். பிறகு சண்டை. ஓரம் பிளந்தால் ஆர்டர் போய்விடும் என்று அவர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நான். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கடைசியில், "பட்டை பிச்சிக்கினா திட்டு வாங்குறது நான்தானே? வாங்கிக்கிறேன். எனக்கு அந்தக் கை வேணும்யா" என்றேன். ஆட்கள் முன்னால் அப்படிச் சொன்னதற்கு அவருக்கு வெட்கம். சட்டையைக் கழற்றி அலசப் போய்விட்டார்.

ரம்ப மெஷினே வந்தது. முன்பக்க ஷட்டர் ஓரம் கிடந்த என் மேசையையும் நாற்காலியையும் தூக்கி வெளியே போட்டு இடம் பண்ணினோம். பழையது சாத்தாங்காட்டுக்கே எடைக்குப் போயிற்று, அதை ஏற்றும்போது அவர் டீக்கடையில் இருந்தார். ஓரப்பட்டையை இஸ்திரிப் பெட்டி வைத்து நானே ஒட்டுகிறேன், நானே திட்டும் வாங்குகிறேன்.

புது மெஷினில் பின்னால் மேசை உண்டு. துண்டு எங்கேயும் விழாது. ஆனால் அவருடைய இடது கைக்கு அது புரியவே இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் கிளம்பும், பாதியில் நினைவு வந்து திரும்பும். நானும் கத்திக் கத்தி ஓய்ந்தேன்.

போன மாதம் ஒரு முற்பகல், பட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். டப்பென்று சத்தம் கேட்டது.

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மெஷின் நின்றிருந்தது. பிளேடைக் காணோம். அவர் இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னத் துண்டு சரிந்ததாம், அதைப் பிடிக்கக் கை தானாகப் பின்னால் போய்விட்டதாம். மோதிர விரலில் நகம் பட்டதுபோல் ஒரு கீறல்.

"அந்த மீனு கணக்காவே கீது பாருமே" என்று சிரிக்கப் பார்த்தார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தேன், அடித்தேன், மறுபடி பிடித்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி பலகையில் தீயும் நாற்றம் வந்தது. ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை விடவில்லை.