லைட்டரால் முடித்த தையல்

மும்பை செம்பூரில் எங்கள் கம்பெனியில் மொத்தம் பதினோரு பேர். பறக்கும்போது பழுதாகும் ட்ரோனைப் பத்திரமாகத் தரையிறக்கும் சிறிய பாராசூட் செய்கிறோம். ராணுவத்துக்கான முதல் லாட், நாற்பது பீஸ். அது தேறாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்‌ஷன் மதியம் மூன்று மணிக்கு. காலை பதினொன்றுக்கு ஒரு பாராசூட்டை விரித்தேன். துணியில் சின்னக் கிழிசல். அதோடு சேர்ந்து மடிந்திருந்த நாடாப் பட்டையைத் தடவினேன். தையல் முடிவில் நூல் உருகி இறுகி, மணல் போல உறுத்தியது.

தைத்தவர் செல்வம் அண்ணன். தாராவியில் இருபது வருஷம் பை தைத்தவர்.

"அண்ணே, நூல் நுனிய லைட்டர்ல சுட்டீங்களா?"

"சுடாம? பிரிஞ்சிரும்லா! நான் தச்ச பையில ஒரு நூலு தொங்கிப் பாத்திருக்கியா?"

"பைக்குச் சரி. இங்க மடிச்ச துணியக் கிழிக்குதே."

அவர் தடவிப் பார்த்தார். "சுடக்கூடாதுன்னு நீ எழுதலியே, தாயி."

உண்மை. தையலுக்கான குறிப்பை எழுதிக் கையெழுத்திட்டவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தக் கையெழுத்தைப் போட்டோ எடுத்து அப்பாவிடம் காட்டியிருந்தேன்.

முதலாளி மணி சாரிடம் காட்டினேன். மாட்டுங்காக்காரர். "அந்த ஒண்ணை எடுத்து வெச்சுடு. அவா நாலஞ்சுதான் பிரிச்சுப் பார்ப்பா."

"நாப்பதுலயும் சுட்டிருக்கு சார். விரியாம விழுந்தா, கீழ ஆளு நிக்கலாம்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ நீயே சொல்லிடு. நேக்கு நாக்கு எழும்பாது."

மூன்று மணிக்கு வந்த ராணுவ ஆபீசர் உட்கார்ந்ததுமே கிழிந்த பீஸை மேஜையில் வைத்து, என் தவறு என்று சொன்னேன். சரிசெய்ய என்ன வழி என்று இந்தியில் கேட்டார். அதற்குள் செல்வம் அண்ணன் ஒரு பட்டையைப் புதிதாகத் தைத்திருந்தார். நுனியைச் சுடாமல், திருப்பித் தைத்து மடிப்புக்குள் செருகியிருந்தார்.

"ஹாத் லகாகே தேக்கோ, சாப்!" கை வைத்துப் பார்க்கச் சொல்லி நீட்டினார்.

ஆபீசர் தடவினார். இரண்டு முறை தடவினார். லாட்டை நாங்களே திரும்ப எடுத்துக்கொண்டு, புதிதாகத் தைத்துப் பதினைந்து நாளில் கொண்டுவரச் சொன்னார். ரிஜெக்ட் என்று எழுதவில்லை.

அவர் போனதும் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அழுதியாக்கும்?" என்றார் செல்வம் அண்ணன்.

"பசிண்ணே."

"வா, வடாபாவ் திங்கலாம். தப்பு ரெண்டு பேருது, காசு மட்டும் உன்னுது."

பன்னிரண்டாம் நாளே புது லாட் தயார். நாற்பதும் தேறின.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கை பழகிய ஆள் வழக்கமாக எப்படி முடிப்பார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனியில் அதற்கு ஆறு தப்படி நடந்தால் போதும். நான் நடக்காமல் இருந்தேன்.