கிரேன்காரம்மா பொரித்த பூசணிப் பூ

துறைமுகத்தில் முப்பது டன் இரும்புப் பெட்டியைச் சத்தம் வராமல் இறக்கிவைக்கிற கிரேன்காரம்மாவுக்கு, சொந்த வீட்டு அடுப்பைத் தொட அனுமதி கிடையாது. அநியாயம்தான், என்ன செய்ய? வீட்டுக்காரர் பள்ளிக்கூடச் சமையல்காரர். இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்தும் கரண்டியை விட்டுக்கொடுக்காத மனுஷன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய அக்கா, அவளுக்கு அண்ணி, சாப்பிட வரும்போதெல்லாம், "உனக்கு இரும்பு தூக்கத்தான் வரும், சமையல் உனக்கு எதுக்கு?" என்று சிரிப்பாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இருபது வருஷமாக அதே பேச்சு. இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வருகிறாள் என்றதும் கிரேன்காரம்மா ஒரே போடாகப் போட்டாள்.

"பூசணிக் கொடி நான் வச்சது. பூ நான் பறிப்பேன், நானே சமைப்பேன். நீங்க குறுக்க வரக்கூடாது."

"பூவைக் கெடுத்துராத, அவ்வளவுதான் சொல்வேன்" என்றார் அவர்.

காலை ஆறு மணிக்கெல்லாம் கொல்லையில் பூசணிப் பூக்கள் மஞ்சள் மஞ்சளாக விரிந்து கிடந்தன. அடியில் குட்டிக் காய் உள்ள பெண் பூ எதையும் அவள் தொடவில்லை. மெலிந்த காம்போடு நின்ற ஆண் பூக்களிலும் நாலைத் தேனீக்களுக்கு விட்டுவிட்டு, மீதியைக் காம்போடு கிள்ளினாள். இருபத்திரண்டு தேறின. ஒவ்வொன்றையும் தட்டி எறும்பை விரட்டி, நடுவில் இருந்த மகரந்தத் தண்டை மட்டும் விரல் நுனியால் ஒடித்தெடுத்தாள். ஓர் இதழ்கூடக் கிழியவில்லை. மனசு கேட்காமல் உதவிக்கு வந்த சமையல்காரர் மூன்றைக் கிழித்துவிட்டு, சமையலறை வாசற்படியோரம் போய் நின்றுகொண்டார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மசித்த உருளைக்கிழங்கில் வெங்காயமும் மிளகும் சேர்த்துப் பூவுக்குள் அடைத்து, நுனியைத் திருகி, மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். நாலு பூ. பொன்னிறம் வந்தது. அவள் எடுக்கவில்லை. வாசற்படிப் பக்கம் திரும்பி அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே நிற்கிற ஆள் கை காட்டாமல் கிரேனில் எதையும் அசைக்கக் கூடாது. இருபது வருஷப் பழக்கம் ஒரே நாளில் விடுமா? அவரோ கையைக் கட்டிக்கொண்டு, குறுக்கே வரக் கூடாதென்ற சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நாலும் கருகிப்போயின.

"கருகுது பார்!" என்றார், எல்லாம் முடிந்த பிறகு.

"இப்பச் சொல்றீங்களே!" என்று சீறியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போதாவது அவள் அடுப்பில் வைத்ததெல்லாம் தீய்ந்துபோய், அடுப்பைத் தொடவே கூடாதென்று ஆனது இதனால்தான். சே, இத்தனை நாளும் எவன் கைகாட்டுவான் என்று நின்றிருக்கிறோமே!

வாசற்படிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அடுத்த நாலைப் போட்டாள். எண்ணெயின் சத்தம் அடங்கும்போது, யாரையும் பார்க்காமல், அவளாகவே எடுத்தாள். பொன்னிறம். அடுத்த நாலும் அப்படியே. பதினைந்து பூவும் மொறுமொறுவென்று தட்டில் ஏறியபோது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அண்ணி வந்து உட்கார்ந்து ஒன்றைக் கடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"தம்பி, உன் கைப்பக்குவத்த யாரும் அடிச்சுக்க முடியாதுடா!"

சமையல்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் கிரேன்காரம்மா முந்திக்கொண்டாள்.

"அண்ணி, அது அவர் கை இல்ல. என் கை. கொடியும் நான் வச்சதுதான்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அண்ணி தம்பியைப் பார்த்தாள். "ஆமாக்கா, நான் கிழிச்சது மூணுதான். மத்ததெல்லாம் அவதான்" என்றார் அவர், பெருமையை மறைக்கத் தெரியாமல்.

அண்ணி வாயில் இருந்ததை மென்று முடித்து, தன் தட்டைக் கையில் எடுத்தாள். பிறகு அதைத் தம்பி பக்கம் நீட்டாமல், கிரேன்காரம்மாவின் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு போடும்மா."