மேலறைக்கு ஆள் வேண்டும்

போன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் படிக்காத ஒரு புத்தகத்துக்காக!

விஷயம் இதுதான். ஒரு பல்கலைக்கழகமும் எங்கள் பகுதி லைப்ரரியும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. ஊரெல்லாம் ஒரே புத்தகத்தை வாசிப்பது, பிறகு கூடியிருந்து பேசுவது. ஐம்பதுகளில் கரீபியனிலிருந்து லண்டனுக்கு வந்த கறுப்பின மக்கள் பட்ட பாடுதான் புத்தகம். பிரதி இலவசம். இலவசம் என்றால் விடுவோமா? லண்டனில் எங்கள் கிங்ஸ்பரி பகுதித் தமிழர்களுக்கென்று இரண்டு பெட்டி வந்து இறங்கியது.

வட்டமாக நாற்காலி போட்டு, தேநீர் குடித்தபடி பேசுவது... அதெல்லாம் நமக்குச் சரிவருமா? புத்தகம் என்றாலே நமக்கு வெளியீட்டு விழாதான். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புப் பிரதி! ஏற்பாட்டாளர் சிவராசா போன் பண்ணினார்.

"அண்ணை, ஆய்வுரை நீங்கள்தான். இங்கிலீசிலை. ஏலாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம், செய்யிறன்" என்றேன். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு முக்கால் மணிநேரம் பேசுவதில் எனக்கு நீண்ட அனுபவம். ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை. கேட்பவர்களும் படித்திருக்க மாட்டார்களே!

ஹால் நிறைந்துவிட்டது. விளக்கேற்றச் சொன்னதும் பல்கலைக்கழகத்துப் பெண்மணி குதூகலத்தில் ஐந்து திரியையும் தானே ஏற்றிவிட்டார். முன்வரிசையில் கரீபியன் தீவான ஜமைக்காவிலிருந்து வந்த டெஸ்மண்ட், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் மடியில் புத்தகம், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. இந்த மனிதர் படித்திருக்கிறார்!

நல்லவேளை, பஸ்ஸில் வரும்போது நடுவில் இரண்டு பக்கம் புரட்டியிருந்தேன். அறை தேடி ஒருவர் தெருத்தெருவாக அலைகிறார். ஜன்னலுக்கு ஜன்னல் அட்டை – 'கறுப்பர்களுக்கு இல்லை'. அதையே பிடித்துக்கொண்டேன். "ஒரு அறை கொடுக்க மனம் வரவில்லையே, இவர்களெல்லாம் மனிதர்களா?" என்று மேசையைத் தட்டினேன். கைதட்டலோ கைதட்டல்!

கேள்வி நேரம். பலசரக்குக் கடை ராஜி எழுந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எங்கட கடைக் கண்ணாடியிலை நீங்கள் ஒட்டின அட்டை இன்னும் கிடக்கு. மேலறை வாடகைக்கு, தமிழ் ஆக்களுக்கு மட்டும். அதைக் கழட்டட்டோ, விடட்டோ?"

யாரோ ஒரு புண்ணியவான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் தொலைத்தார்.

பொன்னாடைக்குள் வியர்த்துக் கொட்டியது. சமையல் மணம், பழக்கவழக்கம், பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்... மனதுக்குள் நான் அடுக்கிய சாக்கெல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் அறை தர மறுத்த வீட்டுக்காரி சொன்னவைதான்! உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"கழட்டு பிள்ளை" என்றேன்.

முதலில் சிரித்தவர் டெஸ்மண்ட். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன். எல்லாம் அடங்கியதும் அவர் கையை உயர்த்தினார்.

"நான் இருக்கும் வீட்டை விற்கப்போகிறார்கள். உங்கள் அறையை எப்போது பார்க்கலாம்?"

செவ்வாய்க்கிழமையே பெட்டியோடு வந்துவிட்டார். தங்கமான மனிதர். என் மனைவியின் மீன்குழம்புக்கு உறைப்புப் போதாது என்கிறார், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் அந்தப் பென்சில் குறிப்புப் புத்தகத்தோடு மாடிப்படியில் மறித்து ஒரு கேள்வி கேட்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்றைக்கு எத்தனையாவது பக்கம்?"